ஜியோஜேசானாம், எந்த ஜியோஜேசான்?

நாகர்கோவிலில் உட்கார்ந்து கல்குளம், தோவாளைப் பக்கத்துக் குளங்களை வரைபடத்தில் ஏற்றுகிற வேலை. வருகிற கோப்பெல்லாம் ‘ஜியோஜேசான்’ (வரைபடத் தரவை எழுதிவைக்கும் ஒரு கோப்பு வடிவம்) என்றுதான் வரும். 2008-இல் வந்ததா, 2016-இல் ஆர்.எஃப்.சி. 7946 என்ற இணையத் தர ஆவணமாக வந்ததா? கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதாம் மக்கா, ஏத்திப் பாரு” என்பார்கள்.

ஒன்றா அது? பழையதில் எந்த ஆய முறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்பதை ‘சிஆர்எஸ்’ என்று கோப்புக்குள்ளேயே குறிக்கலாம். புதியதில் அதைத் தூக்கிவிட்டார்கள். தீர்க்கரேகை, அட்சரேகையைப் பாகையில் சொல்லும் டபிள்யூஜிஎஸ் 84 மட்டும்தான். போன வாரம் வந்த கோப்பில், தீர்க்கரேகை 77.4 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை லட்சத்துச் சொச்சம். உலகை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையில், 43-ஆம் மண்டலத்து மீட்டர் கணக்கு! புது மென்பொருள் அதைப் பாகை என்று எடுத்துக்கொண்டது. குளம் ஒன்றுகூட உலகத்திலேயே இல்லை. (ஆக்கிரமிப்புகூடக் குளத்தை இவ்வளவு சுத்தமாகக் காணாமல் ஆக்காது.)

இதில் கொடுமை, கோப்புக்குள் பதிப்பு எண் எழுத விதிமுறையில் ஓர் இடமே கிடையாது. பழையதை ‘1.0’ என்பவர்கள் உண்டு, ‘2008 விதிமுறை’ என்பவர்களும் உண்டு. சரி, தொலையட்டும், ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பலாமே! வருவதோ ‘குளம்_ஃபைனல்_புதுசு’. அதில் எது ஃபைனல், எது புதுசு?