பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் 409 போய்விடுமா?

சிவகங்கைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், அரசு அலுவலக எழுத்தர். வசூல் பணத்தில் கை வைத்ததாக அவர் மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 409-ஆம் பிரிவில் வழக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "தணிக்கைக்கு வந்ததுமே முழுசாக் கட்டிட்டாருல்ல, அப்புறம் என்ன கேஸ்?" ரங்கூனில் எங்கள் மாமாவும் அதற்கு ஆமாம் போடுகிறார். கோயில் உண்டியல் எண்ணும் நாளில் மூன்று பேர் கையெழுத்து விழாமல் எழுந்திருக்க விடாதவர் அவர்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு மட்டும் எடுத்துப் புழங்கினாலும் கையாடல்தான் என்று 403-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. கருவூலத்தில் கட்ட வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்ட வருவாய் அதிகாரியை 405-ஆம் பிரிவு உதாரணமாகவே காட்டுகிறது. திருப்பிக் கட்டியது தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உதவும், அவ்வளவுதான்.

நம்பி ஒப்படைத்ததைச் சாதாரண ஆள் மோசம் செய்தால் 406, பழைய சட்டத்தில் மூன்றாண்டு வரை. அரசு ஊழியர் என்றால் 409: பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். இது அதிகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி கட்ட வருகிறவன் ஆளைப் பார்த்தா கொடுக்கிறான்? அரசாங்க ரசீதைப் பார்த்துக் கொடுக்கிறான்.

இங்கே பர்மாவில் இருப்பவர்களுக்கும் இது அந்நியச் சட்டமல்ல. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அதே எண்களோடு இங்கே நின்றுவிட்டது. இந்தியாவில்தான் 2024 ஜூலை 1 முதல் 409 போய், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5) ஆகியிருக்கிறது. எங்கள் எழுத்தர் விவகாரம் அதற்கு முந்தியது, அதனால் பழைய எண்தான்.

"அரசு அனுமதி இல்லாம வழக்கே போட முடியாது" என்று ஒரு சித்தப்பா. 1939-இல் ஹோரி ராம் சிங் வழக்கைப் பார்க்கட்டும். அரசு மருத்துவர், மருத்துவமனை மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பது ஒரு குற்றச்சாட்டு, இருப்புப் பதிவேட்டில் எழுதவில்லை என்பது இன்னொன்று. பதிவேடு எழுதுவது அலுவல், அதற்கு அனுமதி வேண்டும். மருந்தைக் கையாடியதற்கு வேண்டாம் என்றது பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட். மருந்தை வீட்டுக்குத் தூக்கிப்போவது யாருடைய உத்தியோகக் கடமை? ஊழல் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்திருந்தால் அதற்கான அனுமதி தனிக்கதை.

அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பணம் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பதையும், கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்பதையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு 409 ஆகாது. ஆனால் கையில் வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் பொய்க்காரணம் சொன்னால், அதிலிருந்தே நீதிமன்றம் கெட்ட எண்ணத்தை ஊகிக்கலாம் என்று 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உதவ நினைக்கும் சொந்தங்கள் பணம் கட்டிய சலானைக் குழுவில் போட்டுக்கொண்டிருக்காமல், பணப்பெட்டிச் சாவி அன்று யாரிடம் இருந்தது, பொறுப்பு ஒப்படைப்பில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து வக்கீலிடம் கொடுங்கள்.