பூவரசன்பட்டித் தீவை மூழ்கடித்தது எது?

மன்னார் வளைகுடாவில் கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவு "புவி வெப்பமாதலால் கடலுக்குள் போய்விட்டது, பாவம் பணக்கார நாடுகளுடையது, நமக்கு இதில் பங்கில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தீவு மூழ்கியது உண்மை. காரணம்தான் தவறு.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக உயர்ந்தது சுமார் 20 சென்டிமீட்டர். இந்தத் தீவை முதலில் பலவீனப்படுத்தியது அதுவல்ல, பல ஆண்டுகள் நடந்த பவளப்பாறை வெட்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையைப் பெயர்த்து எடுத்தார்கள். அலையின் வேகத்தை உடைப்பது அந்தப் பாறைதான். அது போனால் தீவின் மணல் கரைந்துவிடும். பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு, 2001-ல்தான் கிடைத்தது.

இங்கே "பங்கில்லை" என்பது வசதியான பேச்சு. வெட்டியவர்கள் கூலிக்குப் போனவர்கள். சுண்ணாம்பு பூசிய சுவர்கள் வேறு யாருடையவோ. பழியையும் அந்த அளவில்தான் பிரிக்க வேண்டும்.

அதற்காகப் பணக்கார நாடுகளை விட்டுவிட முடியாது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி இதே வளைகுடாவில் பவளங்கள் நிறமிழந்து வெளுத்து நலிந்தன. அதில் பாம்பன் நாட்டுப்படகுக்காரரின் பங்கு மிகச் சொற்பம். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சமமாக அல்ல என்பதை 1992-ன் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையே ஏற்றிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நீட்டி, இங்கே வெட்டிய பாறைக்கான பழியையும் பணக்கார நாடுகள் மேல் போட முடியாது.