அந்தத் தம்பியின் கையில் இருந்ததும் புத்தகம்தான்

மூன்று நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த வாசிப்பு மாதப் பரிசளிப்பு வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் நட்புப் பட்டியலில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள், பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டு. பாடசாலையின் பெயரையோ பேசியவரின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. கொமன்ட்டிலும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளையின் படத்தைப் போடவே போடாதீர்கள்.

தரம் 6 படிக்கிற பிள்ளை. மேடையில் மைக்கை நீட்டி, பிடித்த புத்தகம் எது என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். 'டயரி ஒஃப் எ விம்பி கிட்' என்றான், படத்தோடு வருகிற ஆங்கிலக் கதைப்புத்தகம். கையிலும் வைத்திருந்தான். வந்திருந்த பெரியவர் அதை வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, சபைக்கு உயர்த்திக் காட்டி, "இது கிறுக்கின கொப்பி மாதிரி இருக்கு, படம் பார்க்கிறது வாசிப்பு இல்லை" என்றார். மண்டபமே சிரித்தது. வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். பிள்ளையும் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திரும்ப வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அது வாசிப்புத்தான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை வாசித்தது வாசிப்புத்தான்.

அந்தப் பெரியவருக்கும், அவருக்குக் கைதட்டியவர்களுக்கும், "அவர் சொன்னதில் என்ன பிழை" என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் அந்தப் புத்தகம் என்ன என்று தெரியாது என்றே நினைக்கிறேன். தெரியாமல் இருப்பது குற்றம் இல்லை. 2022க்கு முதல் எனக்கும் தெரியாது. அந்த வருசம் மின்வெட்டு நேரம், மச்சாள் கொழும்பிலிருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்து என் மகனுக்குக் கொடுத்தா. அப்போது அவனுக்கு எட்டு வயது. நானும் அந்தப் பெரியவரைப் போலத்தான் இரண்டு பக்கம் புரட்டினேன். கோடு போட்ட கொப்பித் தாள், கையெழுத்து மாதிரி எழுத்து, குச்சிக் கைகால் மனிதர்கள். "இது என்ன மச்சாள், ஆரோ பிள்ளை கீறினது மாதிரி கிடக்கு" என்று நானும் கேட்டேன். ஆனால் நான் கேட்டது குசினிக்குள், அவன் காதில் விழாமல்.

அது அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதையைச் சொல்பவன் கிரெக் ஹெஃப்லி என்ற பள்ளிக்கூடப் பையன். அவனுடைய நாட்குறிப்பைத்தான் நாம் வாசிக்கிறோம். எழுத்தும் அவனுடையது, படமும் அவன் கீறியது. இதை எழுதிய ஜெஃப் கின்னி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பல்கலைக்கழகப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரைந்தவர். பிறகு பெரிய பத்திரிகைகளில் வரைய எவ்வளவோ முயன்றும் யாரும் எடுக்கவில்லை. 1998 இல் இந்தக் கதைக்குக் குறிப்பு எழுதத் தொடங்கினார். 2004 இல் இணையத்தில் வெளிவந்தது, 2007 இல்தான் புத்தகமானது. அவர் ஒன்பது வருசம் உட்கார்ந்து வேலை செய்த ஒன்றுக்கு மேடையில் ஒரு நிமிசத்தில் 'கிறுக்கல்' என்று பெயர் வைத்தாயிற்று. 2025 வரைக்கும் 20 புத்தகம் வந்துவிட்டது. இலத்தீன் மொழியிலும் இருக்கிறது. 2015 இல் அதை மொழிபெயர்த்தவர் வத்திக்கானின் இலத்தீன் பிரிவில் வேலை செய்த ஒரு குருவானவர். அவருக்கு அது வாசிப்பாகத் தெரிந்திருக்கிறது.

சரி, படம் பார்ப்பது வாசிப்பு இல்லை என்ற கதைக்கு வருகிறேன்.

முதல் புத்தகத்தில் ஒரு இடம் வரும். கிரெக்கும் அவனுடைய கூட்டாளி ரௌலியும் சின்னப் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப்போகிற பொறுப்பில் இருக்கிறார்கள். கிரெக் ஒரு தடியில் மண்புழுவைக் கொழுவிக்கொண்டு அந்தச் சின்னதுகளைத் துரத்துகிறான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது ரௌலியின் கோட். அதனால் பழி ரௌலியில் விழுகிறது. கிரெக்கின் தாய் அவனிடம் விபரம் முழுக்கக் கேட்கவில்லை, "சரியானதைச் செய்" என்று மட்டும் சொல்லிவிடுகிறா. கிரெக் யோசிக்கிறான், யோசித்து, இந்த முறை ரௌலியே தண்டனையை ஏற்றுக்கொள்வதுதான் சரி என்று முடிவெடுக்கிறான்.

அதை வாசித்துக்கொண்டிருந்த மகன் ரோர்ச் லைட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அம்மா, இவன் தான் நல்லவன் மாதிரியே எழுதுறான். ஆனா இவன்தான் பிழை. ரௌலி பாவம்." நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறொன்றைக் காட்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற பொய்யைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கவேண்டும். கதை சொல்பவனை நம்பக்கூடாது என்று எட்டு வயதில் விளங்கிக்கொண்டானே, அதற்கு என்ன பெயர்? நான் உயர்தரத்தில் தமிழ் இலக்கியம் படித்தவள். எனக்கு அது விளங்கப் பதினெட்டு வயதானது.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன், அது வாசிப்புத்தான்.

"அந்தக் கிரெக் கள்ளம் செய்கிறான், பொய் சொல்கிறான், இதையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்" என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. நியாயமான கேள்விதான் அக்கா, கோபம் இல்லை. கிரெக் நல்ல பிள்ளை இல்லை. சுயநலக்காரன், சோம்பேறி, தன்னைப் பெரிய ஆள் என்று நினைப்பவன். ஆனால் அவன் செய்கிற கள்ளத்தில் பெரும்பாலானவை அவன் தலையிலேயே வந்து விழும். அதோடு முதல் புத்தகத்தின் முடிவையும் வாசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் ஒரு சீஸ் துண்டு பழுதாகிக் கிடக்கும். அதைத் தொட்ட பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்கிவைப்பார்கள். முடிவில் பெரிய பெடியன்கள் ரௌலியைப் பிடித்து அந்தச் சீஸைத் தின்னவைத்து விடுகிறார்கள். அடுத்த நாள் சீஸ் எங்கே என்று எல்லாரும் கேட்கும்போது, தான்தான் எடுத்து எறிந்தேன் என்று கிரெக் சொல்கிறான். ஒதுக்கிவைப்பதைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறான். இருநூறு பக்கம் சுயநலமாக இருந்தவன் கடைசியில் செய்கிற ஒரே ஒரு நல்ல காரியம் அது.

அதை வாசித்த அன்றைக்கு மகன் இரவுச் சாப்பாட்டில் சொன்னான், தன்னுடைய வகுப்பிலும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று. ஏன் என்று கேட்டேன். "தெரியாம்மா, முதல்ல இருந்தே அப்படித்தான்" என்றான். பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அடுத்த கிழமை தன்னுடைய கதிரையை மாற்றிவிட்டான். அந்தப் புத்தகம்தான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கதையை எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது அதுதான்.

இன்னொருவர் 'ஆங்கில மோகம்' என்று எழுதியிருந்தார். இது என்னைச் சுட்டது. பிள்ளைகளுக்கு நித்திரை கொள்ளும்போது தமிழில் கதை சொல்லாத ஒரு நாள் எங்கள் வீட்டில் இல்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926 இல் மதங்கசூளாமணி எழுதியது எதற்காக? ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு எடுத்துச் சொல்லத்தானே? யாழ் நூல் எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. ஆங்கிலத்தில் வாசித்தால் தமிழ் போய்விடும் என்று அவர் நினைக்கவில்லை, இந்த மண்ணில் பிறந்த நாம் ஏன் நினைக்கவேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை வயிறு குலுங்கிச் சிரிக்கிற மாதிரி, அவனுடைய பள்ளிக்கூடத்தை, அவனுடைய தமையனை, அவனுடைய வெட்கத்தை எழுதுகிற புத்தகம் தமிழில் வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். மட்டக்களப்பில் எத்தனையோ கடை ஏறி இறங்கிவிட்டேன். கிடைப்பது எல்லாம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் "இதிலிருந்து நாம் அறிவது" என்று முடிகிறது. எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.

விலை அதிகம் என்பது உண்மை. எனக்கும் அது கஷ்டம்தான். பழைய புத்தகமாகவும், மாற்றி மாற்றியும்தான் வாசிக்கிறோம்.



கேட்டவர்களுக்காக வாசிக்கிற ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன், இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்டீர்கள். எட்டு வயதுக்குப் பிறகு கொடுக்கலாம். முதல் புத்தகம் சிவப்பு அட்டை, அதில்தான் தொடங்கவேண்டும். இரண்டாவது நீலம், தமையன் ரொட்ரிக்கின் கதை. அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் அதற்குத்தான் மவுசு. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏழாவதில் பள்ளிக்கூடத்து நடன விழாவும் பெண்பிள்ளைகளைப் பற்றிய கதையும் வரும், அதைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுத்தேன். ஒன்பதாவதில் குடும்பம் முழுக்க வான் வண்டியில் ரோட்டுப் பயணம் போவார்கள், சின்னத் தம்பி ஒரு பன்றிக்குட்டியைப் பரிசாக வெல்வான். கல்முனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது மகன் அதை வாசித்துச் சிரித்த சிரிப்பில், முன் சீட்டில் இருந்த அம்மம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "என்ன மனே அதில கிடக்கு, எனக்கும் சொல்லன்" என்று கேட்டா. கல்லடிப் பாலம் வரும்வரைக்கும் தமிழில் அவவுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தான். பிந்தி வந்தவற்றில் சிலது முன்னதைப் போலவே இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு ஏன் கோபம் என்று என் கணவரும் கேட்டார். "ஆரோ ஒருத்தர் ஏதோ சொல்லிற்றார், விடும்" என்றார்.

என் தம்பிக்காகத்தான் கோபம்.

1996. தம்பி ஏழாம் ஆண்டு. அட்டை போன ஒரு லக்கி லூக் சித்திரக்கதை வைத்திருந்தான், தன் நிழலை விட வேகமாகச் சுடுகிற அந்தக் கௌபாய். ஆரிடமோ இரண்டு மாபிள் கொடுத்து வாங்கினது. அந்த நாட்களில் புத்தகம் என்று ஒன்று எங்கள் கைக்கு வருவதே அருமை. வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் வைத்து வாசித்துப் பிடிபட்டுவிட்டான். பாட நேரத்தில் வாசித்தது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். அடித்திருக்கலாம், பறித்து வைத்திருக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கவைத்து, ஒவ்வொரு தாளாகக் கிழித்தார்கள். கிழித்ததை அவனையே பொறுக்கவைத்தார்கள். பொறுக்கிய துண்டுகளைக் களிசான் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அம்மா உடுப்புத் தோய்க்கும்போதுதான் எங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு அவன் எதையும் வாசித்து நான் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தையும்தான். இப்போது கட்டாரில் வாகனம் ஓடுகிறான், நல்ல பிள்ளை, உழைத்து வீடு கட்டிவிட்டான். போன வருசம் மகன் திண்ணையில் படுத்துக்கொண்டு இந்தப் புத்தகம் வாசிக்கிற படத்தை அவனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அக்கா, இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக விட்டுடாத." முப்பது வருசம் ஆகப்போகிறது.

அமெரிக்காவில் டேவ் பில்கி என்று ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் ஒரு இடத்தில் இருக்கமாட்டார், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கஷ்டம். வகுப்புக்கு வெளியே நடையில் மேசையைப் போட்டு இருக்கவிட்டார்களாம். அங்கே இருந்து கீறியதுதான் 'கப்டன் அண்டர்பாண்ட்ஸ்'. 1997 இல் அது புத்தகமாக வந்தது. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். நூலகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி அதிகம் முறைப்பாடு வந்த புத்தகங்களின் பட்டியலில், 2012 இலும் 2013 இலும் அதைத்தான் அமெரிக்க நூலகச் சங்கம் முதலிடத்தில் போட்டிருந்தது. அங்கேயும் பெரியவர்கள் இப்படித்தான். ஆனால் அவர் கீறுவதை நிறுத்தவில்லை, என் தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டான். எல்லாப் பிள்ளையும் தாங்காது ஐயா. மைக் உங்களுடைய கையில் இருந்தது, முந்நூறு பேர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் தனியாக நின்றான்.

"நகைச்சுவையாகத்தான் சொன்னார், நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள்" என்று எழுதியவர்களே, அவன் அதை ஏன் முதுகுக்குப் பின்னால் மறைத்தான் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தம்பியின் அம்மாவோ அப்பாவோ இதைப் பார்த்தால் இன்பொக்ஸில் ஒரு வரி எழுதுங்கள். எங்களிடம் ஏழு புத்தகம் இருக்கிறது, எவ்வளவு நாளும் வைத்திருக்கலாம். வீடியோவில் தெரிந்தது பச்சை அட்டை, அப்படியென்றால் அது மூன்றாவது என்று மகன் சொல்கிறான். நாலாவதை, அந்த மஞ்சள் அட்டையை, எடுத்து ஒட்டுப்போட்டு மேசையில் வைத்திருக்கிறான். நேற்று இரவு மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டான், "அந்தப் பெடியன் வருவானா அம்மா" என்று.