வளவைப் பார்த்து வருகிற மாப்பிள்ளை

"நாங்க கண்ண மூடினாப் பொறகு இந்தப் புள்ளய ஆரு பாக்கிற?" இலங்கையின் கிழக்கில், படுவான்கரையிலும் சரி, கல்முனை, திருக்கோவில் பக்கமும் சரி, புத்தி வளர்ச்சி பிந்திய பிள்ளையைப் பெற்ற தாய்மார் கேட்கிற கேள்வி இது. நியாயமான பயம். ஆனால் அதற்குக் கலியாணத்தை மருந்தாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கட பக்கத்தில் பொம்புளப் பிள்ளைக்குத்தான் வீடு. கட்டினவன் அங்கே வந்து இருப்பான். அதனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கும் வரன் வரும், வளவைப் பார்த்து வரும். காணி உறுதிப் பத்திரத்தில் மாப்பிள்ளையின் பெயரும் ஏறிவிட்டால் அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு? தாலி கட்டினால் எல்லாம் சுகமாகும் என்று சாத்திரம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுவோம்.

கலியாணம் அவளைக் காப்பாற்றும் என்கிறீர்கள். சட்டத்தைப் பாருங்கள். 1995 திருத்தத்துக்குப் பிறகும், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் தண்டனைச் சட்டக்கோவையில் அது வல்லுறவுக் குற்றம் இல்லை. வெளியாள் செய்தால் குற்றமாகிற ஒன்று தாலிக்குப் பிறகு குற்றமில்லாமல் போகிறது. நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் பாதுகாப்பா? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையெழுத்தே கட்டாயமில்லை, 'வலி' எனப்படும் அவளுடைய ஆண் பொறுப்பாளர் போட்டால் போதும். இதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே எத்தனையோ காலமாகக் கேட்கிறார்கள்.

ஆம்பிளப் பிள்ளையின் கதை வேறு. அவனைக் குளிப்பாட்ட, சோறூட்ட ஒரு ஏழை வீட்டுப் பெட்டையைத் தேடுவார்கள். அவனிடமும் கேட்பதில்லை, அவளிடமும் உள்ளதைச் சொல்வதில்லை. லண்டன் மகனுக்கு இங்கே பெண் தேடுகிற சொந்தங்களுக்கு ஒன்று: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 சட்டப்படி, சம்மதம் சொல்லும் ஆற்றல் இல்லாதவருக்குக் கலியாணம் முடித்து வைப்பது குற்றம். அடிக்காமல், மிரட்டாமல் செய்தாலும் குற்றம்தான்.

உடனே, "அப்ப அதுகளுக்கு ஆசையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கும். விளங்கிக்கொண்டு விரும்பினால் கட்டட்டும், தடுக்க எங்களுக்கு உரிமையில்லை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயமும் அதைத்தான் சொல்கிறது: கட்டுகிற இருவரின் முழுச் சம்மதத்தோடு. தகப்பனின் சம்மதத்தோடு என்று அதில் இல்லை.

பராமரிப்பை வேறாக யோசியுங்கள். வளவை அவள் பெயரில் வைத்து, நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) உறுதி எழுதலாமா, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உருத்தை வைத்துக்கொள்ளலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடியுங்கள். கூடப்பிறந்தவர்களோடு இப்பவே கதையுங்கள். அந்தக் கதையைத் தள்ளிப் போடத்தான் பலர் மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பதிவாளர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். தாய் தகப்பனை வெளியில் இருத்திவிட்டு அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்: இவர் ஆர்? இனி எங்கே இருப்பார்? உனக்கு விருப்பமா? தலையாட்டுவதைச் சம்மதமாக எடுக்காதீர்கள், அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழக்கப்பட்டவர்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பத்து நிமிடம் போதும். பக்கத்து வீட்டில் இப்படி நாள் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், பந்தல் போடுமுன் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குக் கோல் எடுங்கள்.