சிட்னி ஓபரா ஹவுஸ் கூரை முட்டை ஓடு அல்ல

சிட்னி ஓபரா ஹவுஸின் கூரை முட்டை ஓடு போல ஒரே வார்ப்பில் போட்ட மெல்லிய கான்கிரீட் ஓடு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

1957இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற வரைபடத்தில் எண்ணம் அதுதான். ஆனால் மெல்லிய ஓடு, விசை தன் பரப்போடு ஓடும்வரைதான் தாங்கும். அந்த வடிவங்களோ செங்குத்தாக எழுந்து உச்சியில் கூராக முடிந்தன. காற்றும் சொந்த எடையும் சேர்ந்து அவற்றை வளைக்கும். கட்டடக் கலைஞர் ஊட்ஸனும் ஆரூப் நிறுவனப் பொறியாளர்களும் ஆண்டுக்கணக்கில் வடிவத்தை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டார்கள். 1961இல்தான் வழி பிறந்தது: எல்லா ஓடுகளும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகள். வளைவு எங்கும் ஒன்றே என்பதால், அதே அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. கட்டுமானத்தில் இதைவிடப் பெரிய வரம் இல்லை!

ஆக, நிற்பது விலா எலும்பு போன்ற வளைவுகளின் வரிசை. முன்வார்த்த 2,194 துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டி, உள்ளே எஃகுக் கம்பிவடம் கோத்து ஜாக்கால் இழுத்து இறுக்கினார்கள். வெளியே தெரியும் வெள்ளை டைல்கள் தனிப் பலகைகளாகப் பிறகு பொருத்தப்பட்டவை.

சரிபார்க்க, முகப்புக்கூடத்தின் உட்புறப் படம் எதையாவது பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் ஒரே இடத்தில் குவிந்து, பனை ஓலை போல மேலே விரியும் கான்கிரீட் விலாக்களும் துண்டுகளுக்கு இடையிலான இணைப்புக் கோடுகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.