பழந்துறைகள் எல்லாம் கடலடியில் இல்லை

பழங்காலத் துறைமுகங்கள் அனைத்தும் கடலில் மூழ்கிவிட்டன, இனி முக்குளிப்போரால் மட்டுமே அவற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று சிலர் எழுதுவது தவறான புரிதலைத் தருகிறது. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள மெர்சா கவாசிஸ் இதற்கு நேர்மாறான சான்று. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் புந்த் என்ற, எகிப்தியர் நறுமணப் பொருள்கள் வாங்கச் சென்ற தென்திசை நாட்டுக்குக் கப்பல்கள் புறப்பட்ட அந்த இடத்தின் காயல் பின்னர் தூர்ந்துபோனது. ஆனால் பழைய பவளப்பாறை மேட்டைக் குடைந்து அமைத்த குகைகளில், மாலுமிகள் நேர்த்தியாகச் சுருட்டி வைத்துச் சென்ற வடங்கள் இன்றும் சுருள் குலையாமல் கிடக்கின்றன, கடற்புழு துளைத்த தேவதாருப் பலகைகளும் அங்கே கிடைத்துள்ளன. அதே செங்கடல் கரையில் 2011 முதல் அகழப்படும் மற்றொரு பழந்துறையான வாடி அல்-ஜர்ஃபில் அணைகரையின் ஒரு பகுதி நீருக்குள் இருப்பது உண்மையே. எனினும், படகுகளைப் பிரித்து வைத்த குகைகள் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. ஆகவே தூர்ந்த காயல்களின் விளிம்பையும் அவற்றை ஒட்டிய பாறை மேடுகளையும் நடந்து தேடுவதே, என் கருத்தில், முதல் வேலையாக இருக்க வேண்டும்.