ஹாக்கி ஈஸ்ட்டைத் தொடங்கியது பெர்டான்யா அல்ல

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் 'ஹாக்கி ஈஸ்ட்' என்ற லீக் அமைப்பை உருவாக்கியவர் ஜோ பெர்டான்யா என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 1983-இல் அதற்கு வித்திட்டவரும் முதல் ஆணையரும் லூ லாமொரியெல்லோ. அப்போது அவர் பிராவிடன்ஸ் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். 1987-இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் என்ற தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிக்குப் போய்விட்டார். ஹாக்கி ஈஸ்ட் ஆண்கள் சாம்பியன் கோப்பைக்கே அவர் பெயர்தான்!

வேடிக்கை என்னவென்றால், ஹாக்கி ஈஸ்ட் அணிகள் பிரிந்து வந்த ஈசிஏசி (ECAC) என்ற இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பில்தான் பெர்டான்யா 1997 வரை ஹாக்கி ஆணையராக இருந்தார். அப்புறம்தான் ஹாக்கி ஈஸ்ட்டுக்கு ஆணையராக வந்தார். 2020 வரை நீடித்தார். ஹார்வர்டின் முன்னாள் கோல்கீப்பர். ஹாக்கி ஈஸ்ட்டின் மகளிர் லீக் 2002-இல் தொடங்கியதும், 2010-இல் பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் திறந்தவெளி ஆட்டம் நடந்ததும் இவர் காலத்தில்தான்.